புளோரன்ஸ் நகரில் ஒரு பகல்



இன்று உங்களை இத்தாலி நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். அந்த நாட்டின் நடுப்பகுதியில், ஆர்னோ என்னும் ஆற்றின் கரையில், புளோரன்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை ஃபிரென்சே என்பார்கள். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கட்டடக் கலைக்கும் பெயர் பெற்ற ஊர். 1982ஆம் ஆண்டில் அதன் பழைய நகர்ப் பகுதி முழுவதையும் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ நிறுவனம் சேர்த்தது.

பள்ளி விடுமுறையில் நானும் உடன் பணியாற்றும் ஆசிரியர் இருவரும், ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைத்த பணத்தைக் கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வந்தபோது, இந்த நகரத்துக்கு எங்களால் ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு பகல்தான். கையில் இருந்த காசும் அளவான காசு. ஒரு பகலில், குறைந்த செலவில், அங்கே எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

திரும்பி வந்ததும் எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, அம்புட்டுக் காசு செலவு பண்ணிக் கல்லையும் படத்தையும் பார்த்துட்டு வந்திருக்கீங்களே, அதெல்லாம் நம்ம சனங்களுக்கு உண்டானதா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆகவே, யார் காசில், யார் கையால் இந்த நகரம் உண்டானது என்பதையும் போகும் வழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் செலவுக் கணக்கு. நகரத்துக்குள் தங்கினால் அறை வாடகை கடிக்கும். பக்கத்தில் பிராட்டோ, பிஸ்டோயா என்ற சிறிய ஊர்கள் இருக்கின்றன. அங்கே தங்கிக்கொண்டு, காலையில் சாதாரண இரயிலில் வந்து இறங்கலாம். தாள் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாமல் ஏறினால், சீட்டு கையில் இருந்தாலும் அபராதம். நகரத்தின் உள்ளே வண்டிச் செலவே தேவையில்லை. இரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குக் கால் மணி நேர நடை. மற்றவையெல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. காலுக்கு நல்ல செருப்பும், தண்ணீருக்கு ஒரு போத்தலும் போதும். போத்தலை நிரப்பிக்கொள்ளத் தெருவிலேயே நல்ல குடிநீர்க் குழாய்கள் உண்டு. தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடையோடுதான் போகலாம். நம் பெண்களுக்கு அதில் சிரமம் இருக்காது.

காலையில் முதலில் போக வேண்டிய இடம் சாந்தா மரியா தெல் ஃபியோரே என்னும் பேராலயம். மலரின் மரியன்னை ஆலயம் என்று பொருள். 1296இல் ஆர்னோல்ஃபோ தி காம்பியோ என்னும் கட்டடக் கலைஞர் இதைத் தொடங்கினார். 1331 முதல் இந்தத் திருப்பணியின் பொறுப்பை ஏற்றது கம்பளி வணிகர் சங்கம். இங்கிலாந்து போன்ற நாடுகளிலிருந்து ஆட்டு மயிரை வரவழைத்து, கழுவி, சீவி, நூற்று, நெய்து, சாயமேற்றி, உயர்ந்த துணியாக விற்றுப் பணம் சேர்த்த ஊர் இது. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் வில்லானி, 1338 வாக்கில் சுமார் 30,000 பேர் கம்பளித் தொழிலை நம்பிப் பிழைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். நமக்குப் பால் மரம் எப்படியோ, செம்பனை எப்படியோ, அவர்களுக்குக் கம்பளி அப்படி.

பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வரிசை நீளமாக இருக்கும். காலையிலேயே போய் நின்றுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு நடக்கும். அப்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வெளிச்சுவரில் வெள்ளை, பச்சை, சிவப்பு என மூன்று நிறப் பளிங்குக் கற்கள். முகப்பைப் பார்த்து மிகப் பழையது என்று எண்ணிவிடாதீர்கள். அது 19ஆம் நூற்றாண்டில், 1887இல்தான் முடிந்தது. உள்ளே போனால் அலங்காரம் அதிகம் இல்லை. பெரிய, வெறிச்சென்ற கூடம். நடந்துகொண்டே போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்தால் மேலே குவிமாடம்.

இந்தக் குவிமாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆலயத்தைக் கட்டிக்கொண்டே வந்தவர்கள், நடுவில் எட்டுப் பட்டை வடிவில் ஒரு பெரிய திறப்பை விட்டுவிட்டார்கள். அதன் அகலம் சுமார் 45 மீட்டர். அதன் விளிம்போ தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தது. இதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பொதுவாக ஒரு வளைவைக் கட்டும்போது, கீழே மரத்தால் அச்சுக் கட்டி, அதன்மேல் கல்லையோ செங்கல்லையோ அடுக்கி, சாந்து இறுகியபின் அச்சைப் பிரித்துவிடுவார்கள். இவ்வளவு அகலத்துக்கு அச்சுக் கட்ட மரத்துக்கு எங்கே போவது? 1418இல் போட்டி அறிவித்தார்கள். பிலிப்போ புருனலெஸ்கி என்பவர் முன்வந்தார். அவர் கொத்தனார் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். பொற்கொல்லர் தொழில் பயின்றவர். அச்சே இல்லாமல் கட்டுகிறேன் என்றார். பைத்தியக்காரன் என்று சிரித்தார்கள் என்பது கதை.

1420இல் வேலை தொடங்கிற்று. 1436இல் முடிந்தது. எப்படிச் செய்தார்? ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள் கட்டினார். உள் ஓடு தடிமனானது, வெளி ஓடு மெல்லியது. இரண்டுக்கும் நடுவே ஆள் நடமாடும் இடைவெளியும் படிக்கட்டும். செங்கற்களைப் படுக்கை வரிசையாக மட்டும் வைக்காமல், இடையிடையே நிமிர்த்தி வைத்து, மீன்முள் போன்ற அமைப்பில் அடுக்கினார். ரப்பர் நாட்டுக்கு வந்த தொடக்கக் காலத்தில் மரத்தில் மீன்முள் வடிவில்தான் வெட்டுப் போட்டுப் பால் எடுத்தார்கள். அந்த வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் கல், பக்கத்துக் கல்லை நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வளையமும் கட்டி முடிந்ததும் தானே தன்னைத் தாங்கி நின்றது. பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவதுபோல, மாடம் வெளிப்பக்கமாகப் பிதுங்காதிருக்கக் கல்லாலும் இரும்பாலும் சங்கிலிகள் போட்டார். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் இதில் இருக்கின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அத்தனை பாரத்தையும் மேலே ஏற்றியது எது? மாடுகள்தாம். புருனலெஸ்கி ஓர் ஏற்றப் பொறி செய்தார். மாடுகள் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வரும். பற்சக்கரத்தை மாற்றிப் பூட்டினால், ஏறிக்கொண்டிருந்த கயிறு இறங்கும். பாரத்தை இறக்குவதற்காக மாடுகளை அவிழ்த்துத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இன்று கேட்டால் சிறிய காரியமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏற்றி இறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறிய காரியத்தின் அருமை விளங்கும்.

இந்த மேதையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்லுகிறார்: உயரம் கூடக்கூட ஆபத்தும் கூடுவதால், கொத்தனார்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்களாம். புருனலெஸ்கி அவர்களை விலக்கிவிட்டு, லம்பார்டி நாட்டிலிருந்து வந்த பத்துப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்து நடத்தினாராம். பழைய ஆட்கள் வேறு வழியில்லாமல் திரும்பி வந்து கெஞ்ச, முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த கூலிக்கு அவர்களை எடுத்துக்கொண்டாராம். வசாரி இதைப் புருனலெஸ்கியின் சாமர்த்தியத்துக்குச் சான்றாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கோ, அதைப் படித்தபோது அந்தப் பெரியவர் மேல் இருந்த மதிப்பு ஒரு படி இறங்கத்தான் செய்தது. ஆனால் அதே வசாரி, கீழே இறங்கி ஏறும் நேரம் வீணாகாமல் இருக்க, மாடத்தின் மேலேயே ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கடை ஏற்பாடு செய்ததையும் சொல்லுகிறார். இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு மனிதரை அளக்க வேண்டும்.

மாடத்தின் உச்சிக்கு ஏற 463 படிகள். அதற்குக் கட்டணம் உண்டு, முன்பதிவும் வேண்டும். என்னுடன் வந்த இருவரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டணச் சீட்டு என்பது எங்களுக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. என் சீட்டை வேறோர் இடத்துக்காக வைத்திருந்தேன்.

பேராலயத்துக்கு எதிரே எட்டுப் பட்டையாக ஒரு திருமுழுக்கு ஆலயம். அதன் கிழக்கு வாசலில் பத்துப் பலகைகளாகப் பொன் முலாம் பூசிய வெண்கலக் கதவு. கிபெர்ட்டி என்ற கலைஞர் 1425 முதல் 1452 வரை 27 ஆண்டுகள் இதைச் செய்தார். சொர்க்கத்தின் வாசல் என்று பெயர். இப்போது வாசலில் இருப்பது 1990இல் வைத்த பிரதி. அசல் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெருவில் நின்று பிரதியைப் பார்க்கக் காசு வேண்டாம். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளுமாக ஒரு நீண்ட தாழ்வாரம். வளைவுகளுக்கு மேலே, நீல வட்டங்களில், துணி சுற்றிய வெள்ளைக் கைக்குழந்தைகளின் உருவங்கள். சுட்ட மண்ணில் மெருகு ஏற்றி, ஆந்திரேயா தெல்லா ராபியா 1487இல் செய்தவை. இந்தக் கட்டடத்தின் பெயர் மாசற்ற குழந்தைகளின் மருத்துவமனை. மருத்துவமனை என்று பெயரே தவிர, இது பெற்றோர் விட்டுச் சென்ற குழந்தைகளை வளர்த்த இல்லம். பட்டு வணிகர் சங்கம் பணம் கொடுக்க, 1419இல் இதைக் கட்டத் தொடங்கியவரும் புருனலெஸ்கிதான்.

1445ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். பின்னும் வந்த குழந்தைகளில் பெண்களே அதிகம். காரணத்தை நம் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வேலைக்காரிகள் பெற்றவை, அடிமைப் பெண்கள் பெற்றவை, பஞ்சத்தில் வளர்க்க வழியில்லாமல் விட்டவை. வந்த குழந்தைகளைக் கிராமத்துச் செவிலித் தாய்மாரிடம் பால் கொடுக்க அனுப்பினார்கள். பிழைத்து வளர்ந்த ஆண் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். பெண்பிள்ளைகள் நெசவும் தையலும் கற்றார்கள். குழந்தையை வைத்துவிட்டுப் போகும் சாளரம் 1875இல்தான் மூடப்பட்டது.

என் ஒரே கட்டணச் சீட்டை நான் இங்கேதான் செலவழித்தேன். உள்ளே அருங்காட்சியகத்தில் சிறு சிறு இழுப்பறைகள் இருக்கின்றன. ஒன்றை இழுத்தேன். பாதியாக வெட்டிய பதக்கம். இன்னொன்றை இழுத்தேன். பாதி நாணயம். அடுத்ததில் ஒரு மணி. அதற்கடுத்ததில் துணிக் கிழிசல். குழந்தையை விடும்போது தாய் ஒரு பாதியைக் குழந்தையின் கழுத்தில் கட்டிவிட்டு, மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வாளாம். காலம் மாறினால், கையில் காசு சேர்ந்தால், திரும்பி வந்து இரண்டு பாதியையும் பொருத்திக் காட்டித் தன் பிள்ளையைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அதுதான் பத்திரம், அதுதான் கையெழுத்து. சில தாய்மார் வந்தார்கள். இழுப்பறையில் இன்னும் பாதியாகவே கிடப்பவற்றைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஓவியங்கள் நிறைந்த உஃபிசி கூடத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்தேனே என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒரு நாளும் ஒரு சீட்டும் மட்டுமே உள்ளவருக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். இந்த இல்லம் இன்றும் குழந்தைகள் நலனுக்காகவே இயங்குகிறது. யுனிசெஃப் நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்றும் 1988 முதல் இங்கே இருக்கிறது.

மதியம் வயிற்றைக் கவனிக்க வேண்டும். சான் லொரென்சோ பகுதியில் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய பெரிய சந்தை இருக்கிறது, 1874இல் கட்டியது. பழமும் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வாங்கிக்கொண்டால் ஒரு வேளை மலிவாக முடியும். அங்கத்து ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் வாய்க்குச் சப்பென்று இருக்கும், துணைக்கு எதையாவது சேர்த்தால் சரியாகிவிடும். ரிபொல்லித்தா என்று ஒரு கஞ்சி. பெயருக்கு மறுபடி கொதித்தது என்று பொருள். முதல் நாள் மிஞ்சிய காய்கறிச் சாற்றில் காய்ந்த ரொட்டியையும் அவரையையும் கீரையையும் போட்டு மறுநாள் கொதிக்க வைப்பது. நம் வீட்டுப் பழைய சோற்றுக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். ஏழைகள் கண்டுபிடித்ததை இப்போது பெரிய உணவகங்களிலும் பரிமாறுகிறார்கள். தள்ளுவண்டிகளில் விற்கும் லம்ப்ரெடோட்டோ என்பது மாட்டின் வயிற்றுப் பகுதி; வேண்டாதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. நின்றே குடியுங்கள்.

பிற்பகலில் சிஞ்ஞோரியா சதுக்கம். கோட்டைபோல் நிற்கும் பழைய அரண்மனைதான் அந்நாளில் நகராட்சி நடந்த இடம். வாசலில் தாவீது சிலை நிற்கிறது. இதுவும் பிரதிதான், அசலை 1873இல் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், பிரதியை 1910இல் வைத்தார்கள். மைக்கலாஞ்சலோ 1501இல் இந்தச் சிலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. அவருக்குக் கிடைத்த பளிங்குப் பாறை புதியது அல்ல. அவருக்கு முன் ஒருவர் கொத்திப் பார்த்து விட்டுவிட, பிறகு இன்னொருவரும் விட்டுவிட, பேராலய முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் கிடந்த பாறை. ஒடுங்கலானது, குறைபட்டது. அதிலிருந்து 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள இளைஞனை மூன்று ஆண்டுகளில் வெளியே கொண்டுவந்தார். நம் பள்ளிகளிலும் சில பிள்ளைகளை இது தேறாது என்று முற்றத்தில் போட்டுவிடுகிறோம். ஆசிரியர் தொழில் செய்பவனுக்கு அந்தச் சிலையின் முன்னால் நின்றால் அந்த நினைப்பு வராமல் போகாது. 1504இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் மெழுகிய கட்டைகளின் மேல் உருட்டி, பேராலயத்திலிருந்து இந்த வாசலுக்குக் கொண்டுவர நான்கு நாள் ஆயிற்று.

பக்கத்திலேயே மூன்று வளைவுகள் கொண்ட திறந்த மண்டபம். செல்லினி 1554இல் முடித்த பெர்சியஸ் என்னும் வெண்கலச் சிலை அங்கே நிற்கிறது. உருக்கிய உலோகம் ஓடாமல் உறையத் தொடங்கியபோது, வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டுகளையும் கிண்ணங்களையும் எல்லாம் உலையில் வாரிப் போட்டாராம், அவரே எழுதியிருக்கிறார். இந்த மண்டபத்துக்கும் கட்டணம் இல்லை.

இந்தச் சதுக்கத்தில் நின்றுகொண்டு நினைக்க வேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. 1378. பேராலயத்தைக் கட்டிய கம்பளி வணிகர் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது முதலாளிகளின் சங்கம். கம்பளியைக் கழுவியவர்களும், அடித்தவர்களும், சீவியவர்களும் அதில் உறுப்பினர் ஆக முடியாது. தமக்கென்று வேறு சங்கம் வைத்துக்கொள்ளவும் கூடாது. சங்கத்தில் இல்லாதவருக்கு நகர ஆட்சியில் இடம் கிடையாது. அவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்த்துத் தண்டிக்க, வெளியூர்க்காரர் ஒருவரையே அதிகாரியாகச் சங்கம் வைத்திருந்தது. 1345இல் சூட்டோ பிராந்தினி என்ற கம்பளி சீவும் தொழிலாளி, ஆட்களை ஒன்று சேர்க்க முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டார்.

சியோம்பி என்று அழைக்கப்பட்ட இந்தத் தொழிலாளர்கள் 1378 ஜூலை மாதத்தில் கிளர்ந்தெழுந்தார்கள். இந்த அரண்மனையையே பிடித்தார்கள். மிக்கேலே தி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளியை நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார வைத்தார்கள். சாயத் தொழிலாளர்களுக்கு ஒன்று, சட்டை தைப்பவர்களுக்கு ஒன்று, சியோம்பிகளுக்கு ஒன்று என மூன்று புதிய சங்கங்கள் பிறந்தன. ஆறு வாரங்கள்கூட நீடிக்கவில்லை. பட்டறைகள் மூடிக் கிடந்தன. கூலி இல்லை, சாப்பாடு இல்லை. ஆகஸ்டு மாத இறுதியில் இதே சதுக்கத்தில் சண்டை நடந்து சியோம்பிகள் முறியடிக்கப்பட்டார்கள். முறியடித்தவர்களின் பக்கம் நின்றவர் அவர்கள் தேர்ந்தெடுத்த அதே மிக்கேலே தி லாண்டோ. சியோம்பிகளின் சங்கம் உடனே கலைக்கப்பட்டது. மற்ற இரண்டும் 1382இல் போயின. தாவீது சிலையின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் இதை அறிந்தவர் எத்தனை பேரோ. அவர்கள் பெயரில் ஒரு சிறிய சதுக்கம் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அரண்மனையை ஒட்டி உஃபிசி. சொல்லுக்கு அலுவலகங்கள் என்றுதான் பொருள். கோசிமோ மெடிச்சி என்னும் பிரபு, தம் அரசாங்க அலுவலர்களுக்காக 1560இல் கட்டத் தொடங்கினார். மெடிச்சிகள் வட்டிக் கடையில், வங்கித் தொழிலில் உயர்ந்து நாட்டையே ஆண்ட குடும்பம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் சேர்த்த ஓவியங்களும் சிற்பங்களும் இங்கே இருக்கின்றன. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு ஆன்னா மரியா லூயிசா என்ற பெண்மணி. பிள்ளை இல்லை. ஆட்சி அயலாருக்குப் போகப் போகிறது. 1737இல் அந்த அம்மையார் ஓர் ஒப்பந்தம் எழுதினார்: குடும்பத்தின் கலைச் செல்வம் முழுவதையும் நாட்டுக்கே கொடுக்கிறேன், ஆனால் அதில் எதுவும் இந்த நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அது மக்களுக்குப் பயன்பட வேண்டும். 1743இல் அவர் இறந்தார். 1769இல் கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு கையெழுத்து ஓர் ஊரை எத்தனை நூற்றாண்டுகளுக்கு வாழ வைக்கிறது பாருங்கள்! மற்ற அரச குடும்பங்களின் சேகரிப்புகள் பல ஏலத்தில் சிதறிப் போயின.

உஃபிசிக்குக் கட்டணம் அதிகம். ஆனால் இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் இலவசம். 2014இல் தொடங்கிய வழக்கம். பயணத் தேதியை அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்பவர் கெட்டிக்காரர். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உஃபிசியைக் கடந்தால் ஆறு. ஆற்றின் மேல் போந்தே வெக்கியோ, அதாவது பழைய பாலம். 1345இல் கட்டியது. பாலத்தின் இரு பக்கமும் கடைகள். முன்பு இறைச்சிக் கடைகளாக இருந்தன. கழிவெல்லாம் ஆற்றில் விழும், நாற்றம் மேலே வரும். மேலே யார் இருந்தார்கள்? 1565இல் கோசிமோ பிரபு, தாம் அரண்மனைக்கும் அலுவலகத்துக்கும் சாதாரண மக்களோடு கலக்காமல் போய்வர, கடைகளின் கூரைக்கு மேலே ஒரு மூடிய நடைபாதை கட்டிக்கொண்டார். பெரிய துரைக்குத் தனிச் சாலை போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1593இல் அவர் மகன் இறைச்சிக் கடைகளை அகற்றி, பொற்கொல்லர்களை வைத்தார். இன்றும் பாலம் முழுக்க நகைக் கடைகள். பார்க்கக் காசு இல்லை. வாங்க நம்மிடம் காசு இல்லை. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் ஆர்னோ ஆற்றின் மற்றப் பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தபோது, இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்தால் சாந்தா குரோச்சே தேவாலயம். மைக்கலாஞ்சலோ, கலிலியோ ஆகியோரின் கல்லறைகள் இங்கே. உள்ளே போகக் கட்டணம். வெளியே, அந்தப் பகுதித் தெருக்களில், வீட்டுச் சுவர்களை அண்ணாந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே சிறிய பலகைகளில் ஒரு கோடும் ஒரு தேதியும் இருக்கும். 1966 நவம்பர் 4. அன்று ஆர்னோ கரை புரண்டு, இந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் வந்தது. வீடுகளைச் சூடேற்றும் எண்ணெய் தண்ணீரில் கலந்து, சேறும் எண்ணெயுமாகச் சுவரெல்லாம் கறுத்துப் போயிற்று. தேசிய நூலகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் நனைந்தன. நான் சொன்ன அந்தச் சொர்க்க வாசலின் பத்துப் பலகைகளில் ஐந்தை வெள்ளம் பெயர்த்துப் போட்டது. 2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தில் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைச் சேற்றிலிருந்து எடுத்து உதறியவர்களுக்கு அந்தக் காட்சி விளங்கும்.

அப்போது நடந்தது ஒரு பெரிய காரியம். இத்தாலியின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் யாரும் அழைக்காமலே வந்து சேர்ந்தார்கள். நூலகத்தின் நிலவறையிலிருந்து வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, சேறு பிடித்த நூல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். சேற்றுத் தேவதைகள் என்று ஊர்மக்கள் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஓவியங்களைச் செப்பனிடும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது.

பொழுது சாயும்போது ஆற்றைக் கடந்து எதிர்ப்பக்கக் குன்றில் ஏறிவிட வேண்டும். படிகள் இருக்கின்றன, முடியாதவர்களுக்குப் பேருந்து உண்டு. மைக்கலாஞ்சலோ திடல் என்ற அகன்ற மேடையில் நின்றால், ஓடு வேய்ந்த வீடுகளும், பாலங்களும், நடுவே அந்தக் குவிமாடமும் ஒரே பார்வையில் கிடைக்கும். கூட்டமும் இரைச்சலுமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் சான் மினியாட்டோ தேவாலயம். 1018இல் கட்டத் தொடங்கியது. கட்டணம் இல்லை. மாலை வழிபாட்டில் துறவிகள் பழைய முறையில் பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அந்தத் தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1529இல் பகைவர் படை நகரத்தை முற்றுகையிட்டபோது, கோட்டைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் அதே மைக்கலாஞ்சலோதான். பீரங்கிக் குண்டுகள் இந்தக் கூண்டைக் குறிவைத்தன. சிற்பி என்ன செய்தார்? கம்பளிப் பொதிகளையும் மெத்தைகளையும் கயிறு கட்டிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த குண்டுகளைக் கம்பளி வாங்கிக்கொண்டது. 1530 ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. கூண்டு விழவில்லை. வாசலில் இருந்து திரும்பிப் பார்த்தால் வலப்பக்கமோ இடப்பக்கமோ தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே தெரியும்.